இடது மணிக்கட்டும் இரும்பு ஏணியும்: அவசரப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய மூதாட்டி குறித்த நிகழ்வு ஆய்வு

அவசரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து அன்றே வீட்டுக்கு அனுப்பப்படும் முதியவரின் கேஸ் பேப்பரில் மருந்துகளின் பெயர்களும் அடுத்து வர வேண்டிய நாளும் எழுதப்பட்டிருக்கும். அந்த மருந்தை எடுத்துக் கொடுக்கப் போகிறவர் யார், முதியவர் கழிப்பறைக்கு எப்படிப் போவார், பகல் பதினொரு மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள் என்பவை அதில் இருப்பதில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லும் அறிவுரை யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதே தெளிவாகாமல் நோயாளி மருத்துவமனை வாசலைத் தாண்டுகிறார். எலும்பைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாத ஒரு சிகிச்சை, வீட்டை யாரும் விசாரிக்காததால் நான்கே நாட்களில் வேறோர் அவசர நிலையில் போய் முடிந்ததை இந்த ஆய்வு பின்தொடர்கிறது.

இதில் வரும் மூதாட்டி ஒரு தனி நபர் அல்லர். மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுப் பராமரிப்பில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் நிலைமைகளைச் சேர்த்து, பயிற்சிக்கென எங்கள் வீட்டுப் பராமரிப்புக் குழு அமைத்த நிகழ்வு இது. மருத்துவமனையும் அவ்வாறே.

நோயாளியும் முதல் வருகையும்

நோயாளிக்கு வயது 74. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மணமாகித் தாராவிக்கு வந்தவர். தோல் பதனிடும் தொழிலில் இருந்த கணவர் காலமாகிவிட்டார். மகன், மருமகள், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பேத்தி ஆகியோருடன் வசிக்கிறார். நீண்டகாலமாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு. சர்க்கரைக்குக் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற சிறுநீர் பெருக்கியும் சேர்ந்த மாத்திரை, அட்டோர்வாஸ்டாட்டின், ஆஸ்பிரின் என நாள்தோறும் நான்கு மாத்திரைகள். இரு கண்களிலும் புரை வளர்ந்திருந்தும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர். விழும் நாள்வரை தன் வேலைகளைத் தானே செய்துகொண்டார். வீட்டுச் சமையலில் பாதி அவர் கையால்தான் நடந்தது.

அதிகாலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில், வீட்டுக்குள்ளேயே குளிக்கவும் பாத்திரம் துலக்கவும் பயன்படும் மோரியின் ஓரத்தில் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தார். மகன் அவரை ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். எக்ஸ்ரேயில் இடது மணிக்கட்டுக்கு அருகே ஆர எலும்பு முறிந்து பின்புறமாக நகர்ந்திருப்பது தெரிந்தது. முறிவிடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, எலும்பை இழுத்து நேராக்கி, முழங்கைக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டார்கள். மறு எக்ஸ்ரே திருப்தியாக இருந்தது. தலையில் அடியில்லை, இரத்தச் சர்க்கரை 168. வலிக்கு டைக்ளோஃபெனாக் 50 மில்லிகிராம் காலையும் இரவும் ஐந்து நாட்களுக்கு, அதனுடன் வயிற்றைக் காக்கப் பாண்டப்ரசோல், கையை உயர்த்தி வைத்துக்கொள்ளவும், பழைய மருந்துகளைத் தொடரவும், ஒரு வாரத்தில் எலும்புச் சிகிச்சைப் புறநோயாளர் பிரிவுக்கு வரவும் என்று எழுதப்பட்ட தாளுடன் மதியத்துக்குள் வீடு திரும்பினார்.

வாசலில் அடுத்த ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருக்கும் ஒரு மருத்துவமனையில் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியுமா என்பது நியாயமான கேள்விதான். ஆயினும் அந்தத் தாளின் இரு வரிகளை நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய மருந்துகளைத் தொடரச் சொன்னவர் அவை எவை என்று கேட்கவில்லை. மாத்திரை அட்டைகள் வீட்டில் இருந்தன, மகனுக்குப் பெயர்கள் தெரியாது. முறிந்தது இடது கை என்பதால், பயன்பாடு குறைந்த கை என்று குறிக்கப்பட்டிருந்தது. பின்னால் நடந்தவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டிலிருந்தே கிளைத்தது.

வீடு

குடும்பம் இருப்பது கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக அடுக்கப்பட்ட அறைகளில் மேலறை. சந்திலிருந்து அதற்கு ஏறுவது செங்குத்தான இரும்பு ஏணி. பிடிக்கக் கயிறு ஒன்று தொங்கும். ஏணியில் ஏறி இறங்க இரண்டு கைகளும் வேண்டும் என்பதை அங்கே வாழ்பவர் யாரும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள், அது அவ்வளவு இயல்பானது. அறைக்குள் மோரி உண்டு, கழிப்பறை கிடையாது. பொதுச் சண்டாஸ் சந்துக்கு அப்பால் இருக்கிறது. காலையில் வரிசை நிற்கும், உட்காரும் மேடை தரையோடு ஒட்டியது, பிடிமானம் கிடையாது, தண்ணீரைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

மகன் காலை ஏழரைக்குப் பட்டறைக்குப் போய்விடுவார். மருமகள் மாட்டுங்கா பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். எட்டு மணிக்குக் கிளம்பி இரண்டு மணிக்குத் திரும்புவார். பேத்திக்குப் பள்ளி. ஆக, காலை எட்டிலிருந்து மதியம் வரை நோயாளி தனியாகவே இருந்தார். நால்வர் உள்ள குடும்பம் என்றுதான் பதிவேட்டில் இருக்கும். அவசியமான அந்த ஆறு மணி நேரத்துக்கு அது ஒருவர் குடும்பம்.

நான்கு நாட்களில் நடந்தது

முதல் நாள் மாலை மருமகள் தோளைப் பிடித்துக் கீழே இறக்கி அழைத்துச் சென்றார். ஏணியில் இருவரும் தடுமாறியதில் நோயாளிக்கு அச்சம் பிடித்துக்கொண்டது. அதைவிடப் பெரிய சங்கடம் உள்ளே போன பிறகு வந்தது. கால் கழுவுவதற்கு வாழ்நாள் முழுதும் பயன்பட்ட கை மாவுக்கட்டுக்குள் இருக்கிறது. சோறு உண்ணும் வலக்கையால் அதைச் செய்ய அவர் மனம் ஒப்பவில்லை, மருமகளைச் செய்யச் சொல்வதற்கோ நாக்கு எழவில்லை. மேற்கத்திய மருத்துவப் பாடத்தில் இடது கை முறிவு வலது கைப் பழக்கமுள்ளவருக்குச் சிறிய இழப்பு. நம் வீடுகளில் அது உடலின் தன்மானத்தைத் தாங்கும் கையின் இழப்பு. இதை ஒரு பண்பாட்டு விசித்திரமாகப் படிக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. கழுவுவதற்கு எந்தக் கை என்று கேட்பது, எழுதுவதற்கு எந்தக் கை என்று கேட்பதைப்போல ஒரு மருத்துவக் கேள்வியே.

மறுநாள் முதல் அவர் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். கழிப்பறைக்குப் போகும் தேவையையே குறைத்துவிட்டார். காலையில் காபி மட்டும். மருமகள் மூடி வைத்துவிட்டுப் போன இட்லியில் ஒன்றைத் தின்று மீதியைக் கீழ்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். தண்ணீர் நாவை நனைக்கும் அளவுக்கு மட்டும். பிற்பாடு நாங்கள் கேட்டபோது அவர் சொன்னது இது: "தண்ணி குடிச்சா எறங்கணும்லா. எறங்கினா அவ வேலைய விட்டுட்டு வரணும். அதுக்குக் குடிக்காமலே கெடந்துரலாம்னு கெடந்தேன்."

உணவு குறைந்தது, மாத்திரைகள் குறையவில்லை. பேத்தி பள்ளிக்குக் கிளம்புமுன், "ஆச்சி, மாத்திரை" என்று கையில் கொடுத்துவிட்டுப் போவாள். தாளில் தொடரச் சொல்லியிருந்தது, தொடர்ந்தார்கள். கிளிமெபிரைடு, நோயாளி உணவு உண்டாலும் உண்ணாவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து. இன்னொரு பக்கம், டெல்மிசார்டன், சிறுநீர் பெருக்கி, டைக்ளோஃபெனாக் ஆகிய மூன்றும் ஒரே உடலில் சேர்ந்தன. நீர் வற்றிய உடலில் சிறுநீரக வடிகட்டிக்கு இரத்தம் தரும் நாளம் விரிந்து ஈடுகொடுப்பதை வலி மருந்து தடுக்கிறது. வெளியேறும் நாளம் சுருங்கி அழுத்தத்தைக் காப்பதை டெல்மிசார்டன் தடுக்கிறது. சிறுநீர் பெருக்கி இருக்கும் நீரையும் இறக்குகிறது. இம்மூன்றின் சேர்க்கை சிறுநீரகத்தைத் திடீரெனப் பாதிக்கும் என்பது மருத்துவ மாணவர்களும் அறிந்த பாடம். சிறுநீரகம் தளர்ந்தால் கிளிமெபிரைடின் செயலுள்ள சிதைபொருள் வெளியேறுவது தாமதமாகி, சர்க்கரை இறங்குவது மேலும் ஆழமாகும்.

நான்காம் நாள் பகல் பதினொன்றரை அளவில், துணி எடுக்க ஏறி வந்த பக்கத்து வீட்டுப் பெண், அவர் வியர்வையில் நனைந்து சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டார். பக்கவாதம் என்று நினைத்தார்கள். நான்கு இளைஞர்கள் நாற்காலியோடு தூக்கி ஏணியில் இறக்கினார்கள். அவசரப் பிரிவில் இரத்தச் சர்க்கரை 41; நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றியதும் சில நிமிடங்களில் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குத் தெளிந்தார். சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் 1.9, சில மாதங்களுக்கு முந்தைய தனியார் பரிசோதனைத் தாளில் அது 1.0. கிளிமெபிரைடு வகை மருந்தால் இறங்கிய சர்க்கரை, ஏற்றிய பிறகும் பல மணி நேரம் கழித்து மறுபடி இறங்கக்கூடியது என்பதால் இம்முறை உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டார்.

எந்த இடத்தில் பிடித்திருக்கலாம்

முதியோரில் யார் வீடு திரும்பியபின் சிரமப்படுவார்கள் என்று அவசரப் பிரிவிலேயே கணிக்கும் கருவிகள் உண்டு. மான்ட்ரியலில் ஜேன் மெக்கஸ்கரும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கி 1999-இல் வெளியிட்ட ஐசார் வினாத்தாளில் ஆறே கேள்விகள், ஆம் இல்லை என்று பதில். இரண்டோ அதற்கு மேலோ வந்தால் கவனத்துக்குரியவர். இந்த நோயாளிக்கு முன்னைவிடக் கூடுதல் உதவி தேவைப்படுகிறது, பார்வை தெளிவில்லை, மூன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் என்று மூன்று ஆம்கள் வந்திருக்கும். கேட்பதற்கு இரண்டு நிமிடம் போதும். 2014-இல் அமெரிக்க அவசர மருத்துவ, முதியோர் மருத்துவ, செவிலியர் அமைப்புகள் கூட்டாக வெளியிட்ட முதியோர் அவசரப் பிரிவு வழிகாட்டுதல்களும் இத்தகைய தேர்வையும், வீடு திரும்புவோருக்கான தொடர் கவனிப்பையும் வலியுறுத்துகின்றன.

ஆனால் ஐசார் வினாத்தாள் ஏணியைக் கேட்பதில்லை. ஒருவர் பிறர் உதவியின்றி இயங்குவதை அளக்க 1963-இல் வெளியான கட்ஸ் அட்டவணையின் ஆறு அன்றாடச் செயல்களில் கழிப்பறை செல்லுதலும் ஒன்று. அங்கேயும் கழிப்பறை வீட்டுக்குள், சமதரையில் இருப்பதாகவே மனதுக்குள் ஒரு படம் இருக்கிறது. மும்பையின் மேலறைகளுக்கு அந்தக் கேள்விகளோடு வேறு சிலவும் வேண்டும்: ஏறி இறங்க இரண்டு கை தேவையா, கழிப்பறை வீட்டுக்குள்ளா வெளியிலா, கழுவும் கை எது, தண்ணீர் யார் பிடிப்பார்கள், பகலில் யார் கூட இருப்பார்கள். வெளிநாட்டு வினாத்தாளை அப்படியே அச்சிட்டு ஒட்டுவதில் எங்களுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மருத்துவமனைத் தாதியர்களில் பலர் இதே போன்ற சந்துகளிலிருந்து வருகிறவர்கள், அவர்களைக் கேள்வி கேட்க விட்டாலே பாதி தெரிந்துவிடும்.

மொழியும் இதில் வருகிறது. விளக்கம் மராத்தியிலும் இந்தியிலும் சொல்லப்பட்டது, தாள் ஆங்கிலத்தில் இருந்தது, வீட்டில் அதைப் படித்துச் சொன்னவள் பதினான்கு வயதுப் பேத்தி. நோயாளிக்கு மும்பை இந்தி சரளமாக வரும்; காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் இந்தி அது, மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்று விசாரிக்கும் இந்தி அல்ல. புரிந்ததா என்று கேட்டதற்கு அவர் தலையாட்டினார். அதற்குப் பதிலாக, வீட்டுக்குப் போனதும் எந்த மாத்திரையை எப்போது கொடுப்பீர்கள், அவர் சாப்பிடவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்திருந்தால், இரண்டாவது கேள்வியில் அனைவரும் நின்றிருப்பார்கள். அந்த மௌனத்திலேயே மருத்துவருக்குச் செய்தி கிடைத்திருக்கும்.

அவர் ஏன் விழுந்தார் என்பதையும் யாரும் விசாரிக்கவில்லை. வழுக்கிவிட்டது என்ற பதில் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

இரண்டாம் முறை திரும்பியபோது செய்யப்பட்டவை

மூன்று நாள் கழித்து வீடு வந்தபோது மருந்துப் பட்டியல் மாறியிருந்தது. கிளிமெபிரைடு நிறுத்தப்பட்டது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல் 2023 திருத்தத்தில், முதியோருக்கு அந்த வகை மருந்துகள் அனைத்தையுமே முதல் அல்லது இரண்டாம் தேர்வாகக் கொடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. அதனிடத்தில், சிறுநீரகத்துக்கேற்ப அளவை மாற்ற வேண்டாத லினாகிளிப்டின் என்ற சர்க்கரை மருந்து தரப்பட்டது. மெட்ஃபார்மினும் சிறுநீர் பெருக்கியும் மறு பரிசோதனைவரை நிறுத்தப்பட்டன. வலிக்குப் பாரசிட்டமால் மட்டும், நாளொன்றுக்கு 3 கிராமைத் தாண்டாமல்.

எங்கள் குழுவின் செவிலியரும் இயன்முறைச் சிகிச்சையாளரும் மறுநாளே ஏணி ஏறினார்கள். படுத்திருக்கும்போது மேல் அழுத்தம் 138, எழுந்து நின்ற மூன்றாம் நிமிடத்தில் 114. மேல் அழுத்தம் 20 புள்ளிகளோ அதற்கு மேலோ இறங்கினால் அது நிற்கும்போது நேரும் அழுத்த வீழ்ச்சி. நீர் வற்றல் முழுமையாகத் தீராத நேரத்தில் எடுத்த அளவு என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் அதிகாலையில் படுக்கையிலிருந்து எழுந்த வேகத்தில் குடத்தைத் தூக்கப் போனவர் மோரியில் விழுந்ததற்குச் சோப்பு நுரை மட்டுமே காரணமாக இருந்திருக்காது என்ற ஐயம் இதனால் வலுத்தது.

கழிப்பறைப் பிரச்சினைக்கு வந்த தீர்வு எளிமையானது, அதற்குச் சம்மதம் வாங்குவதுதான் கடினமாக இருந்தது. வாளி பொருத்திய நாற்காலிக் கமோடு ஒன்று வாடகைக்கு எடுக்கப்பட்டு, மோரிக்கு அருகே திரைச்சீலைக்குப் பின்னால் வைக்கப்பட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், அடுப்பிலிருந்து சில அடி தள்ளி அது நிற்கிறது என்பதை நோயாளியால் முதலில் ஏற்க முடியவில்லை. "சோறாக்குற எடத்துல இதுவா?" என்று கேட்டார். மருமகள்தான் முடித்து வைத்தார்: "அத்தை, ஏணியில நாம ரெண்டு பேரும் விழுந்தா யாரு சோறாக்குவா?" வலக்கையால் கழுவ அவருக்கிருந்த தயக்கம், மருந்துக்கடையில் பெட்டியாகக் கிடைக்கும் மெல்லிய கையுறையாலும், பிதுக்கினால் நீர் பீய்ச்சும் ஒரு பிளாஸ்டிக் புட்டியாலும் தீர்ந்தது. கையுறை போட்ட கை அவருக்குச் சோற்றுக் கையாகப் படவில்லை. இத்தனை பரிசோதனைகளுக்கும் மருந்து மாற்றங்களுக்கும் நடுவே அவரை மறுபடி தண்ணீர் குடிக்க வைத்தது இந்தக் கையுறைப் பெட்டிதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

குளிர்பெட்டியின் கதவில் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. எந்த மாத்திரை எப்போது என்பதோடு, சாப்பாடு இறங்காத நாளிலும் வாந்தி பேதி வந்த நாளிலும் எதை நிறுத்திவிட்டு யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதும் அதில் இருந்தது. வியர்வை, நடுக்கம், உளறல் வந்தால் விழுங்கும் நிலையில் இருக்கும்போது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது, மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைப்பது என்று பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் கற்றுக்கொடுக்கப்பட்டது. பகல் பதினொன்றரைக்கு உண்மையில் வரக்கூடியவர் அவரே என்பதால், பராமரிப்பாளர் என்ற இடத்தில் மருமகளின் பெயருக்குக் கீழே அவர் பெயரும் எழுதப்பட்டது. மாவுக்கட்டைப் பொறுத்தவரை, விரல்களை மணிக்கொரு முறை மடக்கி நீட்டுவது, தோளை உயர்த்தி இறக்குவது, வலி கூடிக்கொண்டே போனாலோ விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போவது ஆகியவை செய்து காட்டப்பட்டன.

செலவு யார் தலையில்

70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அது தாங்கும். ஆனால் அது படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. சேர்க்கைக்கு முந்தைய மூன்று நாட்களும் பிந்தைய பதினைந்து நாட்களும் கணக்கில் வரும். அவசரப் பிரிவில் பார்த்துவிட்டு அன்றே அனுப்பப்பட்ட முதல் வருகைக்கு அதில் இடம் இல்லை. நாற்காலிக் கமோடுக்கும் கையுறைக்கும், மருமகள் இழந்த கூலிக்கும் எப்போதுமே இடமில்லை. வீட்டில் கொஞ்சம் செலவழித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சேர்க்கைக்கே காப்பீடு பணம் தருகிறது என்பது கணக்காகவும் சரியாக இல்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீட்டுக்கே வருவதையும், இயன்முறைச் சிகிச்சையாளர் வீடு தேடி வருவதையும் ஊரிலிருக்கும் உறவினர்கள் போனில் சொல்லக் கேட்டுத் தாராவித் தமிழர்கள் பெருமூச்சு விடுவது வழக்கம். மும்பையிலும் அடித்தளம் இல்லாமலில்லை. மாநகராட்சியின் ஹெல்த் போஸ்டுகள் எனப்படும் பகுதிச் சுகாதார நிலையங்களைச் சேர்ந்த தன்னார்வலர்கள் ஒவ்வொரு சந்துபொந்தையும் அறிவார்கள். அவர்களுடைய பணி பெரும்பாலும் தாய் சேய் நலம், தடுப்பூசி, காசநோய் என்றே அமைந்துவிட்டது. அவசரப் பிரிவிலிருந்து திரும்பும் 70 வயதைக் கடந்தவரின் பெயரும் சந்தும் அன்று மாலைக்குள் ஹெல்த் போஸ்டுக்குப் போய்ச் சேர்ந்தால், இரண்டு நாளுக்குள் ஒருவர் எட்டிப் பார்க்க முடியும்.

தொலைபேசி அழைப்பே போதும் என்று ஒரு வாதம் உண்டு. 2018-இல் அமெரிக்காவில் வெளியான, ஏறத்தாழ 2000 முதியோர் பங்கேற்ற ஆய்வொன்றில், வீடு திரும்பியபின் செவிலியர் போன் செய்து விசாரித்தது மட்டும் மறு வருகையையோ சேர்க்கையையோ இறப்பையோ குறைக்கவில்லை. எங்கள் நோயாளியை இரண்டாம் நாள் போனில் அழைத்திருந்தால், நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பார். மூடி வைத்த தட்டில் இட்லி குறைந்திருப்பதைப் போனில் கேட்டால் சாப்பிட்டதாகவே பதில் வரும். கீழ்வீட்டுப் பிள்ளையின் பெயர் வெளியே வர நேரில் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆறு வாரத்துக்குப் பின்

மாவுக்கட்டு ஆறாம் வாரம் பிரிக்கப்பட்டது. எலும்பு கூடியிருக்கிறது, மணிக்கட்டு முழுதாக மடங்கவில்லை, விரல்கள் நன்றாக மடங்குகின்றன. கிரியாட்டினின் 1.1-க்கு இறங்கியபின் மெட்ஃபார்மின் குறைந்த அளவில் மறுபடி தொடங்கப்பட்டது. சிறுநீர் பெருக்கி தொடங்கப்படவில்லை, நிற்கும்போது அழுத்தம் இப்போது இறங்குவதில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்ததால், எலும்புத் தேய்மானத்துக்கான பரிசோதனை எழுதித் தரப்பட்டிருக்கிறது, இன்னும் எடுக்கப்படவில்லை. கண்புரை அறுவைக்கு நாள் வாங்கியாயிற்று. ஏணிக்கு இருபுறமும் கைப்பிடிக் கம்பி வைக்க வீட்டு உரிமையாளர் சம்மதித்து, ஒரு புறம் மட்டும் வைத்திருக்கிறார். மருமகள் வேலை செய்த நான்கு வீடுகளில் இரண்டு வேறு ஆளை வைத்துக்கொண்டன. அவற்றுக்கு ஈடாக அவருக்கு இதுவரை ஒரு வீடு கிடைத்திருக்கிறது.